அறுபது பாக்கெட் சீனி

ஓர் ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு எடை தெரிந்துவிடும். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் உண்டு. இப்போது எழுதும்போதே காது சூடாகிறது.

முப்பது வருஷத்துக்கு மேல் ஜொகூர் மாநிலத்துக் காஹாங்கில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலையை வாங்கும் ஒரு ரேம்பில், அதாவது கொள்முதல் மேடையில், வேலை செய்தேன். சுற்று வட்டாரத்துச் சின்னத் தோட்டக்காரர்கள் லாரியில் குலை கொண்டு வருவார்கள். லாரி தராசு மேடையில் ஏறும், எண் விழும். அப்புறம் குலைகளைக் கீழே சரித்து நான் பார்க்க வேண்டும். காய் பழுக்கவில்லை என்றால், காம்பு நீளம் என்றால், மழையில் ஊறியிருந்தால், மண் ஒட்டியிருந்தால், மொத்த எடையில் இவ்வளவு என்று கழித்துவிட வேண்டும். அதற்குப் பெயர் போத்தோங். மலாயில் வெட்டு என்று அர்த்தம். எவ்வளவு போத்தோங் என்று சொல்வது என் வேலை. அதற்குக் கண் வேண்டும். தனிக் குலை ஒன்றைக் காட்டிக் கேட்டால் பதினெட்டு என்பேன், இருபத்திரண்டு என்பேன். தராசில் போட்டால் அரைக் கிலோ முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

படிப்பு இரண்டாம் படிவத்தோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, நின்றுபோனது. பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் கிலோ, கிராம் என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். வெளியே வந்தால் ஒருத்தரும் கிலோவில் பேசவில்லை. மீன்காரர் காத்தியில் நிறுத்தார். ஒரு காத்தி என்றால் அறுநூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலே. சீன மருந்துக்கடையில் வேரும் பட்டையும் தாஹில் கணக்கு, பதினாறு தாஹில் ஒரு காத்தி. நூறு காத்தி சேர்ந்தால் ஒரு பிக்குல், ஓர் ஆள் தோளில் தூக்கும் சுமை. அம்மா உலைக்கு அரிசியைப் பால் டின்னில் அளந்து போட்டார். நகை என்றால் பவுன். எஸ்டேட் டிஸ்பென்சரியில் பிள்ளை பிறந்தால் வெள்ளைக்காரன் விட்டுப்போன பவுண்டு. நான் ஆறு பவுண்டு, தம்பி ஏழரை. வகுப்பில் வாத்தியார் ஒரு கணக்குக்கு விடை கேட்டபோது காத்தியில் சொல்லிப் பிரம்படி வாங்கினேன். விடை சரிதான், அவர் கேட்டது கிலோவில். இது எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றுவது மட்டும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வேறு எதிலும் எனக்குத் தைரியம் கிடையாது. கேஸை மூடினேனா என்று பார்க்கப் பாதி வழியிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வருகிற ஆள் நான்.

எங்கள் மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். ஒரு கிலோ எழுநூறு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நர்ஸ் எண்ணைச் சொன்னதும் என் மனசு தானாகவே மாற்றிப் பார்த்தது: மூன்று காத்திகூட இல்லை, நான்கு பவுண்டுகூட இல்லை. எதில் மாற்றினாலும் போதவில்லை. அந்த எடையில் குலை வந்தால் பார்க்காமலே ஓரமாக வீசிவிடுவேன். அப்படி ஒரு நினைப்பு வந்ததற்காக ஆஸ்பத்திரிக் கழிவறையில் போய் நின்று அழுதேன்.

அன்றைக்குத்தான் அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். பிள்ளை பத்துக் கிலோ ஆகட்டும், துலாபாரம் கொடுக்கிறேன் என்று. எங்கள் கோயிலில் அதற்கென்று ஒரு தராசு உண்டு. பழைய எஸ்டேட்டில் ரப்பர் நிறுத்த இரும்புத் தராசு. எஸ்டேட்டை மூடியபோது கோயிலுக்குக் கொடுத்துவிட்டார்கள். தட்டுகளுக்குப் பதில் சங்கிலியில் இரண்டு பலகைகள் தொங்கும். ஒரு பலகையில் வேண்டுதல்காரர் உட்கார வேண்டும், மறு பலகையில் அவர் எடைக்குச் சீனி ஏற வேண்டும். அதோடு வந்த பவுண்டுக் கற்கள் இப்போதும் கோயில் கொட்டகையில் தார்ப்பாய் பறக்காமல் இருக்க உதவுகின்றன.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஞாயிறு தோறும் பிள்ளையைச் சாரோங் துணியில் கட்டி, ரேம்பிலிருந்து இரவல் வாங்கிய தொங்கு தராசில் மாட்டி நிறுத்துப் பார்ப்பேன். "அது என்ன மீனா?" என்று மனைவி திட்டுவாள். நான் காலண்டரில் எண்ணை எழுதுவேன். ஐம்பது கிராம் குறைந்தால் அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்காது.

இரண்டு வயசுக்கு முன்னாலேயே பத்துக் கிலோ தாண்டிவிட்டாள். நான் வேண்டுதலைச் செலுத்தவில்லை. பத்துப் பாக்கெட் சீனி ஒரு பெரிய விஷயமா? இல்லை. எனக்குப் பயம். செலுத்தி முடித்துவிட்டால் அம்மனுக்கும் நமக்கும் பேச்சு முடிந்துபோகுமே, அப்புறம் பிள்ளையை யார் பார்ப்பார்கள்? பாக்கி வைத்தால் சாமி நம்மை மறக்காது என்று ஒரு கணக்கு. என் மாதிரி ஆளுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளினேன். மனைவி கேட்கும்போதெல்லாம் கோபப்பட்டேன்.

அதற்கிடையில் என் கண் வித்தை ஊரில் பிரபலமாகிவிட்டது. கல்யாண வீடு, காதுகுத்து என்று எங்கே போனாலும் யாராவது கூப்பிடுவார்கள். "அண்ணே, என்னைச் சொல்லுங்க பார்ப்போம்!" நான் மேலும் கீழும் பார்த்து, "எழுபத்தொண்ணு, கையில போட்டிருக்கிற மோதிரத்துக்கு போத்தோங் இல்லே" என்பேன். சிரிப்பு பறக்கும். கூட்டத்தில் பேச வராத எனக்கு அது ஒன்றுதான் மேடை.

மகளுக்குப் பதினைந்து வயசு இருக்கும். சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவளுடைய சித்தி மகள் ஒருத்தி, "பெரியப்பா, அக்காவைச் சொல்லுங்க!" என்றாள். சொன்னேன். "அறுபத்திரெண்டு." யாரோ கை தட்டினார்கள். மகள் பக்கத்தில் இருந்த மெத்தைத் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதன் பிறகு என் முன்னால் எங்கே உட்கார்ந்தாலும் அவள் மடியில் ஒரு தலையணையோ பையோ இருக்கும். நான் அதைப் பழக்கம் என்று நினைத்தேன். எடை பார்க்கிற கண்ணுக்கு அது தெரியவில்லை.

படிப்பு முடித்து ஜொகூர் பாருவுக்குப் போனாள். பெர்மாஸ் ஜெயாவில் அறை எடுத்துத் தங்கி, மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறாள். வீட்டுக்கு வருவது தீபாவளிக்கு ஒரு தரம், நடுவில் ஒரு தரம். போன வருஷம் மழையில் வண்டி சறுக்கி இடது மணிக்கட்டு எலும்பு விட்டுப்போனது. போன் வந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது கை இல்லை, சீனி. இருபத்தைந்து வருஷமாகக் கொடுக்காத சீனி.

மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தவளிடம் விஷயத்தைச் சொன்னேன். அதுவரை அவளுக்குத் தெரியாது.

"அலமாக்! பத்துக் கிலோவுல முடிக்க வேண்டியதை இப்ப வந்து சொல்றீங்களா?" என்று சிரித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "சரிப்பா, உட்கார்றேன். உங்களுக்காகத்தான். ஆனா என் எடையை யாரும் வாயால சொல்லக் கூடாது. முக்கியமா நீங்க."

"சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில், பூசைக்கு முன்னால், கூட்டம் இல்லாதபோது என்று முடிவானது.

சீனி வாங்க நானும் மனைவியும் குளுவாங்கில் ஒரு பேரங்காடிக்குப் போனோம். தள்ளுவண்டியில் ஒவ்வொரு கிலோ பாக்கெட்டாக அடுக்கினேன். மகள் வாசலில் வந்து இறங்கியபோதே என் கண் கணக்கைப் போட்டுவிட்டது. எழுபத்தி நாலு, மாவுக்கட்டோடு. அறுபதாவது பாக்கெட்டில் என் கை நின்றது.

"இன்னும் எடுங்க. எழுபத்தஞ்சு எடுங்க" என்றாள் மனைவி.

"போதும். பட்டுச் சேலை கட்டுவா, கையில மாவுக்கட்டு வேற. அதையெல்லாம் கழிச்சிடணும்."

"பதினஞ்சு கிலோவுக்கா சேலை கட்டுறாங்க?"

வண்டியைக் கல்லாப் பக்கம் தள்ளினேன். மனசில் ஓடியது இதுதான்: ஒரு பாக்கெட் ஒரு கிலோ. பலகையில் அடுக்கியதை யார் வேண்டுமானாலும் எண்ணிவிடலாம். வாயால் சொல்லாவிட்டாலும் சீனி சொல்லிவிடும். அறுபது என்றால் பார்க்கிறவர்களுக்கு அறுபதோடு போகும். பற்றாததற்குப் பூசாரி ஏதாவது செய்து சமாளிப்பார், அம்மனும் புரிந்துகொள்வாள். மகளைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. மீதி என்னவென்றால், மனைவி அப்போது இரண்டு இடத்தில் வரன் பேசிக்கொண்டிருந்தாள், எழுபத்தி நாலு பாக்கெட்டைப் பக்கத்தில் அடுக்கி என் மகளை உட்காரவைக்க எனக்கே வெட்கமாக இருந்தது. இதை இன்றுவரை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டம் இல்லாமல் இல்லை. எப்படியோ செய்தி பரவி ஒரு பத்துப் பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். என்னோடு ரேம்பில் இருந்த லாரி டிரைவரும் குடும்பத்தோடு வந்திருந்தார். மகள் மாம்பழக் கலர் பட்டில் வந்து பலகையில் ஏறி உட்கார்ந்தாள். கால் தரையில் படக் கூடாது, அதனால் மடக்கிக்கொண்டாள். வலது கையால் சங்கிலியைப் பிடித்தாள். மாவுக்கட்டுக் கை மடியில் கிடந்தது. தலையணை இல்லை.

அப்பன் கையால்தான் சீனி வைக்க வேண்டும் என்றார் பூசாரி. ஒவ்வொன்றாக வைத்தேன். இருபது. முப்பது. சின்னப் பிள்ளைகள் சத்தம் போட்டு எண்ண ஆரம்பித்தார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. நாற்பது, ஐம்பது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது! என் கை காலி. சீனிப் பலகை அந்தரத்தில் நின்றது. மகள் இருந்த பலகை ஒரு விரல்கூட அசையவில்லை.

பிள்ளைகள் எண்ணுவதை நிறுத்தினார்கள். நான் சங்கிலி சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்தேன். சங்கிலி சிக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

டிரைவர்தான் வாயைத் திறந்தார். "என்னண்ணே, மகளுக்கும் போத்தோங் போட்டுட்டீங்களா?"

ரேம்பில் வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததால் மற்றவர்களும் சிரித்தார்கள். பின்னால் இருந்து ஒரு பெரியவர், "ஒரு பிக்குல் ஏத்தியும் தூக்கலியா? மாப்பிள்ளைக்கு நல்ல தோள் வேணும் லா!" என்றார். கெட்ட மனசோடு சொன்னதல்ல. நான் கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லி இவர்களுக்குப் பழக்கிவிட்ட சிரிப்புதான் அது.

பூசாரி குனிந்து, "தேங்காய் இருக்கு, வச்சுச் சரிக்கட்டிடலாம்" என்றார் மெதுவாக.

"வேண்டிக்கிட்டது சீனிதானே சாமி?" என்றாள் மகள். பிறகு என்னைப் பார்த்தாள். ரேம்ப்காரன் பிள்ளையாக வளர்ந்தவள், போத்தோங் எதற்குப் போடுவார்கள் என்று தெரியும். காய்ப் பழுதுக்கும் அழுக்குக்கும் போடுவது. "அப்பா, நிஜமாவே கழிச்சீங்களா?"

நான் தலையைக் குனிந்தேன்.

"என் எடை உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா."

"எவ்வளவு?"

ஊரில் எல்லார் எடையையும் சொன்ன வாய். திறக்க முடியவில்லை. சத்தியம் செய்திருந்தேன் என்பதால் இல்லை. அவள் சொல்லச் சொல்கிறாள், அப்போதும் முடியவில்லை.

அவளே சொன்னாள். உரக்க, கணீரென்று. "எழுபத்தி நாலு. இன்னும் பதினாலு வாங்கிட்டு வாங்க. நான் இங்கேயே இருக்கேன்."

"இறங்கி நிழல்ல உட்காரும்மா" என்றார் பூசாரி.

"பரவால்லே சாமி. ஏறியாச்சு."

கோயிலுக்கு எதிர்ச்சாரியில் சீனர் ஒருவரின் சாமான் கடை. ஓடினேன். பாக்கெட் ஒன்பதுதான் இருந்தது. மீதிக்கு, காப்பிக் கடைகளுக்குப் போடும் சாக்கைத் திறந்தார் தவுக்கே, கடை முதலாளி. அவருடைய பழைய தராசில் காத்திதான். ஐந்து கிலோ என்றேன். என்னிடமே கேட்டார், "பெராப்பா காத்தி?" எத்தனை காத்தி என்று. எட்டேகால் என்றேன், யோசிக்காமலே வந்தது. அள்ளிப் போட்டுக்கொண்டே, இவ்வளவு சீனி எதற்கு என்று மலாயில் விசாரித்தார். "கெந்தூரி" என்றேன். விருந்தாம். மகளின் எடைக்கு என்று அங்கேயும் சொல்ல வாய் வரவில்லை. அந்த ஆளுக்கு என் மகளைத் தெரியாது, பார்த்ததுகூட இல்லை. அவரிடம் ஏன் பொய் சொன்னேன் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

திரும்பி வர இருபது நிமிஷம் ஆகியிருக்கும். வெயில் பலகைக்கு வந்துவிட்டது. மனைவி முந்தானையால் அவளுக்கு நிழல் பிடித்துக்கொண்டு நின்றாள். டிரைவரின் மனைவி தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். டிரைவர் தூரத்தில் போய் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் சங்கிலியை விடாமல் அப்படியே இருந்தாள். உள்ளங்கையில் துரு ஒட்டியிருந்தது.

ஒன்பதையும் வைத்தேன். யாரும் எண்ணவில்லை. கடைசியாக அந்த உதிரிச் சீனிப் பையை வைத்தேன். பலகை மெதுவாக இறங்கியது. மகள் மெதுவாக மேலே வந்தாள், என் கண்ணுக்கு நேராக. பூசாரி மணி அடித்தார். அவள் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டாள், ஒரு கையால்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் சேலை மாற்றிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். நான் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஐம்பது தரம் சொல்லிப் பார்த்திருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"பதினஞ்சு வயசுல எல்லார் முன்னாலயும் சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? அப்புறம் மூணு மாசம் நான் ஸ்கூல்ல சாப்பிடல. டப்பாவை யாருக்காவது கொடுத்துடுவேன்."

எனக்குத் தெரியாது என்றேன்.

"அதுகூடப் பரவால்லேப்பா. அன்னைக்கு இருந்ததைத்தான் சொன்னீங்க. இன்னைக்குக் குறைச்சீங்க பாருங்க."

மன்னிச்சிடும்மா என்றேன். ம் என்றாள். அந்த ம்-மில் எவ்வளவு இருந்தது என்று எனக்கு அளக்கத் தெரியவில்லை. சாயந்தரமே பெர்மாஸ் ஜெயாவுக்குக் கிளம்பிவிட்டாள். அவள் தோழியின் கார் முக்கைத் திரும்பிய பிறகும் நான் வாசலிலேயே நின்றேன், இனிமேல் வருவாளா என்று. பெல்ட் போட்டாளா என்றும் ஒரு கவலை.

அந்த மாதமும் வரவில்லை, அடுத்த மாதமும் இல்லை; எப்போதும் அப்படித்தான் என்றாலும் இந்தத் தடவை நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் போனில் பேசினாள். இடையில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். ஒரு பையன் என் முன்னால் வந்து நிமிர்ந்து நின்றுகொண்டு, "அங்கிள், நான் எவ்வளவு?" என்றான். "எனக்குத் தெரியாது" என்றேன். அறுபத்தாறு.

மூன்றாம் மாதம், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சனிக்கிழமை வந்து நின்றாள். மாவுக்கட்டு பிரித்திருந்தார்கள். பையைக் கீழே வைத்துச் செருப்பைக் கழற்றுவதற்குள் என் கண் தன் வேலையைச் செய்துவிட்டது. எழுபது. நான் வேண்டாம் என்றுதான் நினைத்தேன், அது கேட்கவில்லை. மாவுக்கட்டு அரைக் கிலோ இருக்கும், மீதி எங்கே போனது? சாப்பிடுகிறாளா? டப்பாவை யாருக்காவது கொடுக்கிறாளா? ஏதாவது வியாதியா? காலண்டரில் எண் எழுதிய அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயம் அப்படியே திரும்பி வந்தது. நான் காலண்டர் பக்கம் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன், அவள் பையைப் பார்த்தேன்.

"என்னப்பா?" என்றாள்.

"ஒண்ணுமில்லே. சாப்பிடுறியா?"

கேட்ட பிறகுதான் அதுவும் எடை பார்ப்பதுதான் என்று உறைத்தது. அவளுக்கும் புரிந்துவிட்டது.

"சாப்பிடுறேன்" என்றாள். "நீங்க அந்தப் பக்கம் திரும்பி உட்காருங்க."

திரும்பி உட்கார்ந்தேன். பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம், தட்டு வைக்கும் சத்தம். மனைவி சோறு போட்டாள். எத்தனை கரண்டி என்று எண்ணாமல் இருக்க முயற்சி செய்துகொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தேன்.